புள்ளினங்களின் தோழர் சலீம் அலி

பிழைப்புத் தேடித் தாயகம் விட்டு வந்து மும்பை மாநகரில் வேரூன்றிய நமக்கு, வலசை வரும் பறவைகளிடத்து ஒரு தனிப்பாசம் உண்டாதல் இயல்பே. இரையும் இடமும் நாடி நெடுந்தூரம் பறந்து வருகின்றன அவை. வந்த இடத்து மக்கள் இசைந்தாலன்றி அவற்றுக்கு வாழ்வில்லை. அப்பறவைகளுக்காகத் தம் நெடிய வாழ்நாளைச் செலவிட்ட பெருமகன் ஒருவர் இந்நகரிலேயே பிறந்தார், இந்நகரிலேயே மறைந்தார். அவர்தாம் சலீம் அலி. அவர் பெற்ற வெற்றிகளை மட்டுமன்றி, அவர் வாழ்வின் மாலைப்பொழுதில் நாடு கற்ற ஒரு கசப்பான பாடத்தையும் சேர்த்து நினைவுகூர்தலே அவருக்கு நாம் செய்யும் உண்மையான சிறப்பாகும்.

1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில், குடும்பத்தின் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும், மூன்று வயதில் தாயையும் இழந்தார். தாய்மாமன் அமீருத்தீன் தய்யப்ஜியும் அவர்தம் இல்லத்தரசியாரும் அவரைத் தம் மகவுபோல் வளர்த்தனர். மாமனோ வேட்டையில் விருப்பமுள்ளவர். சிறுவன் சலீமின் கையிலும் ஒரு காற்றுத் துப்பாக்கி வந்து சேர்ந்தது. ஒருநாள் அவன் சுட்டு வீழ்த்திய சிட்டொன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டுக் காணப்பட்டது. எந்நாளும் காணும் குருவியன்று அது. அதை உண்ணலாகுமோ ஆகாதோ என்னும் ஐயம் பிறந்தது. மாமனுக்கும் விடை தெரியவில்லை. அவர் கொடுத்த கடிதத்துடன் சிறுவன், 1883இல் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினான்.

ஆங்கே கௌரவச் செயலாளராயிருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயர், அஞ்சி நின்ற அச்சிறுவனை அன்புடன் வரவேற்றார். பஞ்சடைத்துப் பாதுகாக்கப்பெற்ற பறவைகள் நிறைந்த பேழைகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். மாண்ட ஒரு சிட்டு அன்று திறந்து வைத்த கதவு, பின்னர் அவர் வாழ்நாளில் மூடவே இல்லை.

ஆயினும் வாழ்க்கைப் பாதை நேராக அமையவில்லை. பர்மாவில் தவாய்ப் பகுதியிலே தமையனாரின் சுரங்க, மரத் தொழிலுக்குத் துணை நின்றார். அத்தொழில் நிலைக்கவில்லை. 1918இல் தெஹ்மினா அம்மையாரை மணந்தார். 1926இல் பம்பாய் அருட்காட்சியகத்தில் விளக்கவுரையாளராக அமர்ந்தார். பின்னர் பெர்லின் சென்று, ஸ்ட்ரேஸ்மன் என்னும் பேரறிஞரிடம் பறவையியல் பயின்றார். 1930இல் திரும்பியபோது வேலை இல்லை. பல்கலைக்கழகப் பட்டம் இன்மையால் வேறு கதவுகளும் அடைபட்டன.

துறைமுகத்துக்கு அப்பால், அலிபாகை அடுத்த கிஹிம் என்னும் கடற்கரையூரில் குடும்ப வீடொன்று இருந்தது. வேலையற்ற அந்நாட்களில், அவ்வூரில் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னுவதை ஒரு மழைக்காலம் முழுதும் அவர் கண்ணிமையாது நோக்கியிருந்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெட்டை வந்து உள்நுழைந்து ஆராய்கிறது. மனத்துக்கு இசைந்தால் குடியேறுகிறது. அதன்பின் ஆண் அதனை முடித்துக் கொடுத்து, அடுத்த கூட்டைத் தொடங்கி, வேறொரு பெட்டையை எதிர்நோக்குகிறது. இவ்வொழுக்கத்தை விளக்கி எழுதிய கட்டுரை அறிஞருலகில் அவருக்குப் பெயர் தேடித் தந்தது. பறவையைச் சுட்டு அளந்து பெயரிடுவதே அறிவெனக் கருதிய காலத்தில், அது உயிரோடு எங்ஙனம் வாழ்கிறது என்று காண்பதும் அறிவே என அவர் நிலைநாட்டினார்.

பின்னர் ஐதராபாத், திருவாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்கும் பணி வந்தது. ஊதியம் கேளாது, பயணச் செலவு மட்டும் பெற்று, மனைவியாருடன் காடு மலைகளில் கூடாரமிட்டு உழைத்தார். 1939இல் தெஹ்மினா அம்மையார் காலமானார். அத்துயரை அவர் பணியிலேயே கரைத்தார். 1941இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் நூல், வண்ணப் படங்களுடன் பள்ளிச் சிறுவரையும் அலுவலகக் கணக்கரையும் பறவை காண்போராக்கியது. வல்லுநர் சிலரின் உடைமையாயிருந்த கல்வி பொதுமக்களின் உடைமையாயிற்று. அமெரிக்க அறிஞர் ரிப்ளியுடன் சேர்ந்து பத்துத் தொகுதிகளாக எழுதிய பெருநூல் 1974இல் நிறைவெய்தியது.

நூலெழுதுவதோடு அவர் அமைதி கொள்ளவில்லை. 1940இல் காவிரியாற்றின் நடுவே அமைந்த அரங்கன்திட்டைச் சரணாலயமாக்குமாறு மைசூர் அரசை இணங்கச் செய்தார். இராசத்தானத்துப் பரத்பூரோ மன்னர்களும் விருந்தினரும் வாத்து வேட்டையாடிய சதுப்பு நிலம். 1938இல் வைசிராய் லின்லித்கோ வந்த ஒரே நாளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பறவைகள் அங்கே மடிந்தன. விடுதலைக்குப் பின்னர் அந்நீர்நிலையை வடித்து வயலாக்க வேண்டுமென்ற கிளர்ச்சி எழுந்தபோது, சலீம் அலி பிரதமர் நேருவிடம் முறையிட்டு அதனைக் காத்தார். 1956இல் அது பறவைச் சரணாலயமாயிற்று.

1959இல் தொடங்கிய வலசை ஆராய்ச்சியில் அவர் கையாண்ட முறை நம் சிந்தனைக்குரியது. பறவைகளைப் பிடித்துக் காலில் மெல்லிய உலோக வளையமிட்டு மீண்டும் பறக்கவிட வேண்டும். சிறகு நோவாது பிடிக்க வல்லவர் யார்? பறவை பிடிப்பதையே குலத்தொழிலாகக் கொண்ட பீகார் மீர்ஷிகார் வேடரைத் தம் குழுவில் அவர் அமர்த்திக்கொண்டார். கொல்வதற்குப் பயன்பட்ட கைத்திறன் காப்பதற்குப் பயன்பட்டது. வளையமிட்ட பறவை எங்கேனும் கிடைத்தால், கண்டெடுத்தவர் பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்க வேண்டுமென்று வளையத்திலேயே பொறித்திருந்தனர். பெயரறியாத எளிய மக்கள் எழுதும் கடிதங்களே அவ்வாராய்ச்சிக்கு ஆதாரமாயின. நம் கோடியக்கரையும் அப்பணி நடந்த களங்களுள் ஒன்று.

இனி அக்கசப்பான பாடத்துக்கு வருவோம். பரத்பூரைச் சூழ்ந்த சிற்றூர் மக்கள் தலைமுறை தலைமுறையாக அச்சதுப்பில் எருமை மேய்த்து வந்தனர். மேய்ச்சல் பறவைகளுக்குக் கேடு என்பதே சலீம் அலி முதலான அறிஞர்களின் அந்நாளைய கருத்தாயிருந்தது. அவ்விடம் தேசியப் பூங்காவாக ஆனபின், 1982இல் மேய்ச்சல் அறவே தடுக்கப்பட்டது. ஊரார் திரண்டெழுந்தனர், போலீசார் சுட்டனர், உயிர்கள் மாண்டன. பறவைகளின் பொருட்டுத் துப்பாக்கி ஓய்ந்த மண்ணில், மனிதர்மேல் துப்பாக்கி வெடித்தது.

அதன்பின் நிகழ்ந்ததுதான் வியப்பு. எருமை புகாத குளங்களில் நீர்ப்புல் மண்டியது. திறந்த நீர்ப்பரப்புச் சுருங்கியது. மீன் குறைந்தது, இறங்க இடமின்றிப் புள்ளினமும் குறைந்தது. சலீம் அலியின் கழகமே பத்தாண்டுக் காலம் நடத்திய ஆராய்ச்சி, எருமையும் அந்நிலத்தின் காவலருள் ஒன்று என்று கண்டு கூறியது. அவ்வாராய்ச்சி நிறைவுற்றபோது அவர் உயிருடன் இல்லை. 1987இலேயே, தம் 90ஆம் வயதில் மறைந்துவிட்டார். ஆயினும் அவர் வளர்த்த நிறுவனம் தன் கருத்தையே தான் சோதித்துப் பிழையென ஒப்புக்கொண்டதில், கூட்டைக் கண்ணால் கண்டபின்னரே எழுதிய கிஹிம் இளைஞரின் நேர்மை விளங்குகிறது என்போம். பின்னர் ஊரார் புல் அறுத்துச் செல்ல இசைவு பெற்றனர். பரத்பூர் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் பயிற்சி பெற்று, பறவைகளின் பெயரும் குணமும் சொல்லி வருவோரை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளாயினர்.

இப்பாடத்தை நம் வேடந்தாங்கல் மக்கள் பல தலைமுறைகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். தம் ஏரியில் தங்கும் நாரையும் கூழைக்கடாவும் எச்சமிட்ட நீர் வயலுக்கு உரமாவதைக் கண்ட அவ்வூரார், பறவைகளைச் சுடுவோரைத் தடுக்கக் கும்பினி ஆட்சியின் கலெக்டரிடம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுத்து மூலம் உரிமை பெற்றனர். சட்டம் வந்து ஊரைக் கட்டுப்படுத்தவில்லை. ஊரே சட்டத்தைக் கேட்டுப் பெற்றது. அரசாணையும் அறிஞர் நூலும் வேலி கட்டலாம். வேலிக்கு வெளியே நிற்பவனும் இப்பறவை என் விருந்தென்று எண்ணினாலன்றி வேலி நில்லாது.

1976இல் பத்ம விபூஷண் விருது சலீம் அலியை நாடி வந்தது; பன்னாட்டு வனவிலங்குப் பாதுகாப்புப் பரிசொன்றும் அவரை நாடி வந்தது. அப்பரிசுப் பணத்தை அவர் இயற்கைப் பாதுகாப்புக்கே வழங்கிவிட்டார். 1985இல் மாநிலங்களவை உறுப்பினரானார். கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்குகிறது.

அன்பர்களே! ஆண்டுதோறும் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் நம் தாணேக் கழிமுகத்தில் வந்து இறங்குகின்றன. 2015இல் அவ்விடம் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அவற்றைக் காக்கும் பொறுப்பு அதிகாரிகளுடையது மட்டுமன்று. கரையில் வாழும் நம் ஒவ்வொருவருடையதுமாகும். அடுத்த பருவத்தில் ஒரு ஞாயிறன்று நம் குழந்தைகளை அக்கரைக்கு அழைத்துச் செல்வோம். குப்பை எறியாத கையும், பெயர் சொல்லி அழைக்கும் நாவும் அவர்களுக்கு வாய்க்கட்டும். ஒரு சிட்டின் பெயர் கேட்டுப் படியேறிய சிறுவனை அன்புடன் வரவேற்ற மில்லார்டைப்போல், கேள்வி கேட்கும் குழந்தைக்குப் பேழையைத் திறந்து காட்டும் பெரியவர்களாக நாம் விளங்குவோமாக.