ஒரே சீட்டில் 2 மாத்திரை... இரண்டுக்கும் பின்னால் ஒரே மனிதர்! யார் இந்த சுப்பாராவ்?

குற்றால சீசனுக்கு வந்த இடத்தில் கண்டதைச் சாப்பிட்டு வயிறு கெட்டால், பெரும்பாலும் ரெண்டு மூணு நாளில் சரியாகிவிடும். ஆனால் குடலில் புண்ணும் வீக்கமும் மாசக்கணக்கில் ஆறாமல் இருந்தால்? க்ரோன்ஸ் என்ற அந்த நோய்க்கான சீட்டைத் தென்காசி மருந்துக்கடையில் நீட்டினால், சிலருக்கு மெத்தோட்ரெக்சேட்டும் கூடவே ஃபோலிக் ஆசிடும் தருவார்கள். இரண்டும் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழு அமெரிக்காவில் உருவாக்கியவை.

குடல் நோயில் போன உயிர்கள்

1895ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் மூணாவது முயற்சியில்தான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி போட்டது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தார்.

அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் ஆளையே உருக்கும் ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு, உடன்பிறந்த இருவரைச் சில நாள் இடைவெளியில் பறிகொடுத்தார். அவருக்கும் அதே நோய் வந்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசந்த லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார்.

பிறகு ஹார்வர்டு. 1940ல் லெடர்லி மருந்து நிறுவனம். 1945ல் அவரது குழு ஃபோலிக் ஆசிடைச் செயற்கையாகத் தயாரித்தது. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது நல்ல பலன் தந்தது. அடுத்து, ஃபோலிக் ஆசிடின் வேலையைத் தடுக்கும் மருந்துகளையும் அதே குழு செய்தது. அதில் ஒன்றுதான் மெத்தோட்ரெக்சேட்.

குடலுக்குள் என்ன நடக்குது?

குடலின் உட்சுவர் ஒரே ஒரு செல் தடிமன்தான். கிருமித் துணுக்கு அதைத் தாண்டினால், அடியில் இருக்கும் காவல் செல்கள் அதைப் பிடித்து டி செல்களிடம் காட்டும். உடனே டி செல்கள் விழித்துப் பெருகும். டிஎன்எஃப் போன்ற புரதங்களை விட்டு ரத்தத்திலிருந்து மேலும் படையைக் கூப்பிடும். வேலை முடிந்ததும் அடங்கணும். க்ரோன்ஸில் அடங்குவதில்லை, சொந்தச் சுவரையே புண்ணாக்கும்.

செல் பெருக ஃபோலேட் வேண்டும். மெத்தோட்ரெக்சேட் ஃபோலேட் மாதிரியே வேஷம் போட்டு அந்த வழியை அடைக்கிறது. அழற்சியைத் தணிக்கும் அடினோசினும் இதனால் கூடுகிறது. மற்ற செல்கள் பாதிக்காமல் இருக்கத்தான் ஃபோலிக் ஆசிட்.

இதில் ஒரு முக்கிய எச்சரிக்கை: இந்த நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒரு நாள் மட்டுமே. மறந்துபோய் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

1948 ஆகஸ்டில், 53 வயதில் நியூயார்க்கில் சுப்பாராவ் இறந்தார். ஊர் திரும்பவே இல்லை. மெத்தோட்ரெக்சேட் க்ரோன்ஸ் நோய்க்கும் கைகொடுக்கும் என்று காட்டிய வட அமெரிக்க ஆய்வு வெளியானது 1995ல்.