தூக்கில் ஏறிய ஆட்டோ சங்கர்... உச்ச நீதிமன்றம் ஏறிய 300 பக்கங்கள்!

1995 ஏப்ரல் 27. சேலம் மத்திய சிறையில் கௌரி சங்கர் என்ற கைதி தூக்கிலிடப்பட்டார். வயது சுமார் 40. ஆறு கொலைகள் செய்ததாகத் தீர்ப்பு. ஊருக்கே அவர் ஆட்டோ சங்கர். தமிழ்நாட்டில் அதற்குப் பிறகு இன்றுவரை யாரும் தூக்கிலிடப்படவில்லை.

அவரைப் பற்றி வெப் சீரிஸ் வந்துவிட்டது, யூடியூப்பில் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. கொலைகள் பற்றி ஓரளவு எல்லோருக்கும் தெரியும். ஆனால் சட்டக் கல்லூரி மாணவரிடம் ஆட்டோ சங்கர் வழக்கு என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு முதலில் ஞாபகம் வருவது கொலை இல்லை, பிரைவசி. சிறையில் எழுதப்பட்டதாகச் சொல்லப்பட்ட சுமார் 300 பக்கங்கள்தான் அதற்குக் காரணம்.

காங்கேயநல்லூர் டு திருவான்மியூர்

வேலூரை அடுத்த காங்கேயநல்லூர்தான் சங்கரின் சொந்த ஊர். பிழைப்பு தேடி மெட்ராஸ் வந்தவர் திருவான்மியூர் பெரியார் நகரில் குடியேறினார். பெயின்டர் வேலை, பிறகு ஆட்டோ ஓட்டுவது என்று ஆரம்பத்தில் சாதாரண வாழ்க்கைதான்.

இன்றைய திருவான்மியூரை வைத்து அந்தக் காலத்தைக் கற்பனை செய்ய முடியாது. ஐடி கம்பெனிகளும் பறக்கும் ரயிலும் வராத 80-கள் அது. இன்று பூந்தமல்லியைத் தாண்டி பாரிவாக்கம் பக்கம் போனால் புது வீடுகளுக்கு நடுவே காலி மனையும் ஏரியுமாக இருக்கிறதே, நகரம் முடிந்தும் முடியாத மாதிரி ஓர் இடம், கிட்டத்தட்ட அப்படித்தான் அன்றைய திருவான்மியூர். ஒரு பக்கம் கடற்கரை, இன்னொரு பக்கம் குடிசைகள். இருட்டிய பிறகு ஆள் நடமாட்டம் குறைவு. சாராயம் கடத்துபவருக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

சங்கரின் ஆட்டோ அதைத்தான் செய்தது. கடலோரக் கிராமங்களில் இருந்து சாராயம் நகரத்துக்குள் வந்தது. 1981-ல் கள், சாராய விற்பனையை அனுமதித்த எம்.ஜி.ஆர். அரசு, 1987 ஜனவரி முதல் மறுபடியும் தடை போட்டது. கடை மூடினால் குடிப்பவர் நிறுத்திவிடுவாரா என்ன? கள்ளச்சாராயத்துக்கு கிராக்கி கூடியது. அடுத்து பாலியல் தொழில். இரண்டிலும் பணம் புரண்டது, கூடவே ஒரு கும்பலும் சேர்ந்தது.

இப்படி ஒரு தொழில் ஒரு நகரத்தில் யார் கண்ணிலும் படாமல் வருடக்கணக்கில் நடக்காது. மாமூல் வாங்கியவர்கள், வந்துபோனவர்கள், கண்டும் காணாமல் இருந்தவர்கள் என ஒரு வட்டம் இருந்தே ஆக வேண்டும். அந்த வட்டத்தில் யார் யார் என்பதுதான் பின்னாளில் அந்த 300 பக்கங்களைச் சூடாக்கியது.

பெரியார் நகரில் தோண்டப்பட்ட மண்

கொலையானவர்கள் மொத்தம் ஆறு பேர், ஒரு பெண், ஐந்து ஆண்கள். பெரிய இடத்துப் பிள்ளைகள் யாருமில்லை. சங்கரின் தொழிலோடு ஏதோ ஒரு வகையில் தொடர்பில் வந்தவர்கள், அவரோடு மோதியவர்கள். இதனால்தானோ என்னவோ, இவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனபோது நகரம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தேடி அலைந்தது அவர்கள் குடும்பம் மட்டும்தான்.

1988-ல் விஷயம் வெடித்தது. அப்போது தமிழ்நாட்டில் ஜனாதிபதி ஆட்சி. எம்.ஜி.ஆர். மறைந்து, ஜானகி ராமச்சந்திரன் அரசும் கலைக்கப்பட்டிருந்த நேரம். சங்கரும் கூட்டாளிகளும் கைதானார்கள். பெரியார் நகரில் மண்ணைத் தோண்ட எலும்புக்கூடுகள் வந்தன. டிஎன்ஏ சோதனை இங்கே பழக்கத்துக்கு வராத காலம் அது. எனவே மண்டையோட்டின் மீது இறந்தவரின் புகைப்படத்தைப் பொருத்திப் பார்க்கும் சூப்பர் இம்போசிஷன் முறையைத் தடயவியல் துறை கையில் எடுத்தது. கும்பலில் ஒருவர் அப்ரூவர் ஆனார்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1990 ஆகஸ்டில் சென்னை மத்திய சிறையில் இருந்து சங்கர் தப்பினார். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில், ஊரின் நட்டநடுவில் இருந்த சிறை அது. (2006-ல் அது புழலுக்கு மாறிவிட்டது, பழைய கட்டடமும் இன்று இல்லை.) உள்ளிருந்து உதவி இல்லாமல் இது சாத்தியமா என்ற கேள்வி எழுந்தது. கடைசியில் ஒடிசாவின் ரூர்கேலாவில் பிடித்து வந்தார்கள்.

1991 மே மாதம் செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1994 ஏப்ரல் 5-ல் உச்ச நீதிமன்றமும் கைவிட்டது. மிச்சம் இருந்தது ஜனாதிபதியிடம் கருணை மனு மட்டும்.

அந்த 300 பக்கங்கள்

இங்கேதான் நக்கீரன் பத்திரிகை உள்ளே வருகிறது. 1991-ல் செங்கல்பட்டு கிளைச் சிறையில் இருந்தபோது சங்கர் தன் வாழ்க்கைக் கதையை எழுதினார், அதை மனைவி மூலமாக வக்கீலுக்குக் கொடுத்தனுப்பினார், நக்கீரனில் வெளியிடச் சொன்னார் என்பது பத்திரிகை தரப்பின் வாதம். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலருக்கும் தனக்கும் இருந்த நெருக்கத்தை அதில் அவர் எழுதியிருப்பதாகவும், சிலர் குற்றங்களில் கூட்டாளிகளாகவே இருந்ததாகவும் சொல்லப்பட்டது.

1994 மே மாத இதழில், தொடர் விரைவில் வருகிறது என்று விளம்பரம் வந்தது. அடுத்த மாதமே சிறைத் துறை ஐ.ஜி.யிடமிருந்து கடிதம். சங்கர் அப்படி எதையும் எழுதவில்லை, இது பொய், சிறை விதிகளுக்கும் எதிரானது, வெளியிட்டால் நடவடிக்கை பாயும் என்பது அதன் சாரம். ஆசிரியர் ராஜகோபால், அதாவது நக்கீரன் கோபால், நேராக உச்ச நீதிமன்றம் போனார்.

ஒரு விநோதத்தைக் கவனியுங்கள். தன் பிரைவசி போய்விட்டது என்று சங்கர் வழக்குப் போடவில்லை. அவருடைய பிரைவசிக்காகப் பேசியது அவரைத் தூக்கில் போடக் காத்திருந்த அரசு!

1994 அக்டோபர் 7-ல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் பி.பி.ஜீவன் ரெட்டி, எஸ்.சி.சென். சங்கர்தான் எழுதினாரா இல்லையா என்ற பஞ்சாயத்துக்குள் அவர்கள் போகவில்லை. அவர் எழுதவும் இல்லை, அனுமதி தரவும் இல்லை என்றே வைத்துக்கொண்டு யோசித்தார்கள். அதனால்தான் இந்தத் தீர்ப்புக்கு இவ்வளவு வெயிட்.

தனியாக விடப்படும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு, அது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவுக்குள்ளேயே அடக்கம் என்றார்கள். குடும்பம், திருமணம், குழந்தைகள் பற்றியெல்லாம் ஒருவரின் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது. அதே சமயம், கோர்ட் ஆவணம் போன்ற பொதுப் பதிவுகளில் இருப்பதை எழுத யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அதிலும் ஒரு விதிவிலக்கு வைத்தார்கள். பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயரை, அது ஆவணத்திலேயே இருந்தாலும், வெளியிடக் கூடாது.

அதிகாரிகள் விஷயத்தில் கோர்ட் இன்னும் கறார். ஒருவர் தன் அரசுப் பணியில் என்ன செய்தார் என்பது பிரைவசி ஆகாது. அவதூறு வரப்போகிறது என்று பயந்து, அச்சாகும் முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிக்கோ உரிமை கிடையாது. பொய் என்றால் வெளியான பிறகு வழக்குப் போடலாம், அவ்வளவுதான். அமெரிக்காவின் புகழ்பெற்ற நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன் வழக்கையும் (1964) நீதிபதிகள் இங்கே எடுத்துப் பேசினார்கள்.

ஆக, பொதுப் பதிவுகளில் இருக்கும் அளவுக்கு சங்கரின் கதையை வெளியிட நக்கீரனுக்குத் தடை இல்லை. அதைத் தாண்டினால் பின்விளைவு பத்திரிகையின் பாடு. தொடர் வெளிவந்தது, தமிழ்நாடே படித்தது.

உங்கள் போன் வரை

அடுத்த ஆண்டு சங்கரின் கதை சேலத்தில் முடிந்தது. தீர்ப்பின் கதை முடியவில்லை. ஒரு சிக்கல் இருந்தது. அதைத் தந்தது வெறும் இரண்டு நீதிபதிகள். பிரைவசி அடிப்படை உரிமை அல்ல என்ற தொனியில் 1954-ல் எட்டு நீதிபதிகளும் 1962-ல் ஆறு நீதிபதிகளும் சொன்ன பழைய தீர்ப்புகள் அப்படியே நின்றன. ஆதார் வழக்கில் மத்திய அரசு அந்தப் பழைய தீர்ப்புகளைத்தான் பிடித்துக்கொண்டது.

அதனால் ஒன்பது நீதிபதிகள் உட்கார வேண்டியதாயிற்று. 2017 ஆகஸ்ட் 24-ல், புட்டசாமி வழக்கில், பிரைவசி அடிப்படை உரிமைதான் என்று ஒன்பது பேரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதற்கு வழிபோட்ட பழைய தீர்ப்புகளின் வரிசையில் ஆட்டோ சங்கர் வழக்கும் இருந்தது. ஒரு ஆப் உங்கள் கான்டாக்ட் லிஸ்ட்டை அள்ளுகிறது என்று இன்று யாராவது கோர்ட்டுக்குப் போனால், அந்த வாதத்தின் வேரில் பெரியார் நகரின் இந்தப் பெயரும் இருக்கும்.

மரண தண்டனை கதை மட்டும் இங்கே வேறு பாதையில் போனது. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனி நீதிமன்றம், ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 26 பேருக்கு ஒரே நாளில் தூக்கு விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் அது நான்கு பேராகக் குறைந்தது. பிறகு அவர்களின் தண்டனையும் ஆயுளாக மாறியது. கடைசி மூவருக்கு 2014-ல்.

300 பக்கங்களில் சொல்லப்பட்டதாகப் பேசப்பட்ட அந்த அதிகாரிகள் விவகாரம்? உச்ச நீதிமன்றம் அது உண்மையா பொய்யா என்று பார்க்கவே இல்லை. அதன் முன் இருந்த கேள்வி அது அல்ல.