தன் விழித்திரையைத் தானே கண்ட இராமன்

திண்டிவனத்தை அடுத்த மேல்சித்தாமூருக்கு, சமணர்தம் தமிழ்ப்பணியை அறிவிக்கும் பொருட்டு, மாணவர்களை ஒருமுறை அழைத்துச் சென்றிருந்தோம். உச்சி வெயிலினின்று பார்சுவநாதர் கோயில் மண்டபத்துள் நுழைந்ததும் எல்லாம் இருளாயிற்று. அனுமதி பெற்று மாணவர் எடுத்த படங்கள் கரியாகவே வந்தன. நம் கண்களோ கால் மணி நேரத்தில் தூண்களை நன்கு கண்டுகொண்டன. கண்ணும் கேமராவும் ஒன்றெனப் பாடநூல் கூறுகையில் இவ்வேறுபாடு ஏன் என வினவினான் ஒரு மாணவன். அவ்வினாவே நம்மைச் சர் சி. வி. இராமனிடம் கொண்டு சேர்த்தது.

1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த அவர், 1917இல் நிதித்துறைப் பதவியைத் துறந்து கல்கத்தாவில் பேராசிரியரானதும், 1930இல் நோபல் பரிசு பெற்றதும் யாவரும் அறிந்தவை. முதுமையில் அவர் கண்ணை ஆராய்ந்ததைப் பலர் அறியார். அந்நூல் 1968இல், அவரது எண்பதாம் வயதையொட்டி வெளிவந்தது.

ஒளி பொருளிலிருந்து கண்ணுக்குள் வருகிறது என்பதை 11ஆம் நூற்றாண்டிலேயே நிறுவியவர் பஸ்ராவில் பிறந்த இப்னுல் ஹைதம். சிறு துளை வழியே இருட்டறையில் விழும் ஒளியை ஆராய்ந்தவரும் அவரே. கண்ணையும் கேமராவையும் ஒப்பிடும் வழக்கத்திற்கு வேர் அங்கே உள்ளது. ஆயின் ஒப்புமை ஓரளவுக்கே செல்லும். கண்ணின் பாவை 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை விரிந்தாலும் உட்புகும் ஒளி 16 மடங்கே கூடும். எஞ்சிய பணி விழித்திரையினுடையது. அது இருளில் அரை மணி நேரத்திற்குள் தன் உணர்திறனை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கிக்கொள்கிறது. மேல்சித்தாமூர் மண்டபத்தில் நிகழ்ந்தது இதுவே.

இவ்விழித்திரையைத்தான் இராமன் ஆய்வுக்கூடமாக்கினார். பெருங்கருவி ஏதும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு வண்ணக் கண்ணாடி வடிகட்டி வழியே வெண்திரையைச் சிறிது நேரம் உற்று நோக்குவார். பார்வையை மாற்றாமல் வடிகட்டியைச் சட்டென விலக்குவார். வடிகட்டி தடுத்திருந்த நிறங்களுக்கு ஓய்ந்திருந்த விழித்திரை அப்போது விழித்தெழும். அதன் நடுக்குழி திரைமீது பெரிதாய்த் தோன்றும். எந்தக் கேமராவும் தன் பிலிமைத் தான் பார்த்ததில்லை!

எனினும் ஒன்றை மறைத்தல் தகாது. நிறங்களை மூவகை ஏற்பிகள் கொண்டே காண்கிறோம் என்னும் கொள்கையை இராமன் மறுத்தார். 1964இல் மூவகைக் கூம்புச் செல்களுக்கு நேரடிச் சான்று கிடைத்த பின்னும் அவர் தம் கருத்தை விடவில்லை. அறிவியல் உலகம் அதில் அவரைப் பின்பற்றவில்லை. அவர்தம் சோதனையையோ இன்றும் நம் மாணவர் எவரும் செய்து பார்க்கலாம்.

1970 நவம்பர் 21இல் பெங்களூரில் மறைந்தார். தாம் நிறுவிய ஆய்வுக்கழகத் தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டார். அவ்விடத்தில் நினைவுமண்டபம் இல்லை. ஒரு மரம் நிற்கிறது.