உழவாரம் ஏந்திய நாவரசர்

சிவாலயங்களில் அறுபத்து மூன்று நாயன்மார்களின் திருவுருவங்களைக் காணலாம். அவர்களுள் ஒருவரின் தோளில் நீண்ட கைப்பிடியுடைய கருவி ஒன்று சாய்ந்திருக்கும். அது போர்க்கருவி அன்று. புல்லையும் முள்ளையும் செதுக்கி அகற்றும் உழவாரம். அதை ஏந்தி நிற்பவர் திருநாவுக்கரசர். இன்று ரவாங், கிள்ளான் போன்ற நம் ஊர்களிலும் ஆலயத்தைத் துப்புரவு செய்யும் தொண்டை உழவாரப் பணி என்றே அழைக்கிறோம்.

நாவுக்கரசர் கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். திருவாமூரில் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மருள்நீக்கியார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். தமக்கை திலகவதியாருக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். உயிர்விடத் துணிந்த தமக்கை, தம்பிக்காகவே உயிர் தாங்கினார்.

நிலையாமையை எண்ணி வருந்திய மருள்நீக்கியார், சமண சமயத்தில் சேர்ந்து தருமசேனர் என்னும் பெயருடன் சிறந்து விளங்கினார். பின்னர்ச் சூலை நோயால் துன்புற்று, தமக்கையை நாடித் திருவதிகை வந்தார். அங்குத் திருநீறு பெற்றுப் பதிகம் பாட, நோய் நீங்கியது. நாவுக்கரசர் என்னும் பெயரும் வாய்த்தது. இதனால் சினந்த பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் இட்டான்; நஞ்சு ஊட்டினான்; யானையை ஏவினான்; கல்லோடு பிணைத்துக் கடலில் எறிந்தான். எதற்கும் அவர் அஞ்சவில்லை என்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம்.

துன்பத்தைத் தாங்குவது ஒருவகை உறுதி. இன்பம் வலிய வந்து அழைக்கும்போது அசையாதிருப்பது அதனினும் அரிது. அந்தச் சோதனையும் அவருக்கு வந்தது.

முதுமையில் அவர் திருப்புகலூரில் தங்கி, நாள்தோறும் கோயில் முற்றத்தில் உழவாரப் பணி செய்து வந்தார். ஒருநாள் அவர் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் நவமணியும் மின்னின. அவரோ அவற்றைப் பருக்கைக் கற்களோடு சேர்த்து உழவாரத்தில் வாரிக் குளத்தில் எறிந்தார். அடுத்து, வானுலக மங்கையர் தோன்றினர். இனிய இசை செவியை நிறைத்தது, ஆடல் கண்ணை ஈர்த்தது, மலர்மாரி பொழிந்தது. நாவுக்கரசர் அவர்களைச் சினந்து விரட்டவில்லை. அஞ்சி ஓடவும் இல்லை. சிந்தையை இறைவனிடம் நிறுத்தித் திருத்தாண்டகம் பாடினார். தம் முயற்சி பலிக்காததைக் கண்ட மங்கையர் அவரை வணங்கி அகன்றனர்.

அப்படியானால், அவர் பொன்னை வெறுத்தவரா? இல்லை. முன்பு திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அவரும் திருஞானசம்பந்தரும் நாள்தோறும் இறைவனிடம் பொற்காசு பெற்று, அடியார்களின் பசியைத் தீர்த்தனர். கைத்தொண்டு செய்ததால் நாவுக்கரசருக்குக் குறையற்ற காசு கிடைத்ததாம். பிறர் பசி தீர்க்கும்போது பொன்னுக்கு மதிப்பு உண்டு. தமக்கென்று வரும்போது அது கல்லுக்கு ஒப்பானது. இதுவே அவர் கண்ட தெளிவு.

அந்தத் தெளிவு ஒரே நாளில் வந்ததன்று. கை தொண்டு செய்ய, நா பாட, மனம் இறைவனை நினைக்கப் பல்லாண்டுகள் பழகிய பழக்கம் அது. ஐம்புலன்களுக்கும் நல்ல வேலை கொடுத்தவரை ஆசை அசைக்க முடியவில்லை. சம்பந்தரால் அப்பர் என்று அன்போடு அழைக்கப்பெற்ற அவர், 81 ஆண்டுகள் வாழ்ந்து, சித்திரைச் சதய நாளில் திருப்புகலூரிலேயே இறைவனடி சேர்ந்தார் என்பது மரபு.

மாணவர்களே, அடுத்த முறை ஆலயத்தில் துடைப்பத்தைக் கையில் எடுக்கும்போது அப்பரின் உழவாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முற்றம் தூய்மையாகும்போது மனமும் தூய்மையாகட்டும்.