பட்டப்பகலில் கத்திக்குத்து! சினிமா உலகை நடுங்க வைத்த லட்சுமிகாந்தன்

சென்னை வேப்பேரி. 1944-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி. காலை நேரம்.

வக்கீலைப் பார்த்துவிட்டு ஒருவர் கை ரிக்ஷாவில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டு இருந்தார். ஜெனரல் காலின்ஸ் ரோட்டுப் பக்கம் வந்தபோது ரிக்ஷாவை மறித்தார்கள். வயிற்றில் கத்தி பாய்ந்தது. குத்தியவர்கள் ஓட்டம் பிடித்தார்கள்.

குத்துப்பட்டவர் பெயர் சி.என்.லட்சுமிகாந்தன். சினிமாப் பத்திரிகைக்காரர். முதலாளியும் அவரே, ஆசிரியரும் அவரே.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கு என்றால் தெரியாதவர் கிடையாது. பாகவதரும் கலைவாணரும் ஜெயிலுக்குப் போன கதையை வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால் செத்துப்போன மனுஷன் யார், என்ன பிழைப்பு நடத்தினார் என்று கேட்டால் பலபேருக்குப் பதில் வராது. கொலை பிரபலம். கொலையானவர் அந்த அளவுக்குப் பிரபலம் இல்லை!

வக்கீல் ஆசை

லட்சுமிகாந்தனுக்கு வக்கீல் ஆக வேண்டும் என்று ஆசை. படிக்க வசதி இல்லை. கறுப்புக் கோட்டு போட முடியாவிட்டால் என்ன, கோர்ட்டு வாசல் இருக்கிறதே! கட்சிக்காரர்களைப் பிடித்துக் கொடுக்கும் தரகு வேலையில் இறங்கினார். எந்தக் கேசுக்கு எந்த வக்கீல், எந்தக் காகிதத்துக்கு என்ன மதிப்பு என்பதெல்லாம் அத்துப்படி ஆயிற்று.

காகித மதிப்பு தெரிந்தவருக்கு, காகிதத்தையே தயாரித்தால் என்ன என்று தோன்றிவிட்டது. பொய்ப் பத்திரம் தயாரித்த வழக்கில் சிக்கி தண்டனை அடைந்தார். தப்பிக்கப் பார்த்தார், பிடிபட்டார். கடைசியில் அந்தமானுக்கே அனுப்பிவிட்டார்கள்.

அந்தமான் போனவர் திரும்பி வருவது அபூர்வம் என்று பேசிய காலம் அது. இவர் திரும்பி வந்தார். ஊரில் யுத்தகாலக் கெடுபிடி. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்ற பயத்தில் 1942-ல் பட்டணத்தையே காலி செய்து ஓடிய ஜனங்கள் மெல்லத் திரும்பிக்கொண்டு இருந்தார்கள். அரிசிக்கு ரேஷன். பேசுவதற்கு மட்டும் ரேஷன் இல்லை. பேச்சில் முக்கால்வாசி சினிமாப் பேச்சு.

அந்தப் பேச்சைத்தான் அவர் அச்சில் ஏற்றினார்.

சினிமா தூது

1943-ல் "சினிமா தூது" வார இதழ் வெளிவந்தது. படத்தின் கதை என்ன, பாட்டு எப்படி என்பதற்கு அதில் அவ்வளவு முக்கியத்துவம் இல்லை. எந்த நடிகர் யார் வீட்டுக்குப் போனார், எந்த நடிகையை யார் வைத்திருக்கிறார் என்பதுதான் சரக்கு. அதில் நிஜம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று யார் கண்டது? பத்திரிகை சுடச்சுட விற்றது.

அதை வாங்கியவர்கள் யார்? நம்மைப் போன்ற ஜனங்கள்தான். கடையில் இருந்தவர், ஆபீசுக்குப் போனவர், டிராமில் தொங்கியவர். வெளியில் சீச்சீ என்பார்கள். வீட்டுக்கு மடித்து எடுத்துப் போவார்கள்.

விற்பனைக் காசு ஒரு பக்கம். எழுதாமல் இருப்பதற்கு வந்த காசு இன்னொரு பக்கம். தங்கள் பெயர் வந்துவிடக் கூடாதே என்று சினிமாக்காரர்கள் பலர் பணம் கொடுத்து வாயை அடைத்தார்கள். அச்சான செய்தியைவிட அச்சாகாத செய்திக்குத்தான் விலை அதிகம்! சொந்தமாக அச்சுக்கூடம் வாங்கும் அளவுக்கு லட்சுமிகாந்தன் கையில் காசு புரண்டது.

மானநஷ்ட வழக்குப் போட வேண்டியதுதானே என்று கேட்கலாம். போட்டால் என்ன ஆகும்? கூண்டில் ஏறி நிற்க வேண்டும். குறுக்கு விசாரணையில் குடும்ப சமாசாரம் எல்லாம் சந்திக்கு வரும். மறுநாள் எல்லாப் பத்திரிகையும் போடும். சினிமா தூது படிக்காதவனும் படித்துவிடுவான். கோர்ட்டு வாசலில் பிழைத்தவருக்கு இந்தக் கணக்கு தெரியாதா என்ன?

கவர்னரிடம் மனு

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சினிமாக்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள். யுத்தகாலத்தில் பத்திரிகைக் காகிதம் சர்க்கார் கட்டுப்பாட்டில் இருந்தது. லைசென்சு இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது. அந்த லைசென்சை ரத்து செய்துவிட்டால்?

பாகவதர், என்.எஸ்.கிருஷ்ணன், கோவை டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகிய 3 பேரும் முன்னால் நின்று, கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்தார்கள். லைசென்சு ரத்து ஆயிற்று. சினிமா தூது மூடப்பட்டது.

அத்தோடு விட்டாரா? இல்லை. ஏற்கனவே லைசென்சு உள்ள பத்திரிகை ஒன்றை விலைக்கு வாங்கினால் சட்டம் என்ன செய்யும்? "இந்து நேசன்" என்ற பத்திரிகை கைமாறியது. பெயர் சாதுவான பெயர். உள்ளே பழைய சரக்குதான், காரம் மட்டும் கூடுதல். சினிமாக்காரர்களோடு நிற்காமல் ஊர்ப் பெரிய மனிதர்கள், பணக்காரர்கள் பக்கமும் பேனா திரும்பியது. இந்து நேசன் என்று சொன்னாலே ஆபாசப் பத்திரிகை என்று பொருள் கொள்ளும் அளவுக்குப் பின்னால் அந்தப் பெயர் கெட்டது.

பேனா திரும்பிய பக்கமெல்லாம் விரோதி முளைத்தான். 1944 அக்டோபரிலேயே ஒரு தடவை அவர் தாக்கப்பட்டார். அந்தத் தடவை பிழைத்தார். போலீசில் புகார் கொடுத்தார். தொழிலை நிறுத்தவில்லை.

அதே அக்டோபரில்தான் தீபாவளிக்கு "ஹரிதாஸ்" ரிலீசானது. பிராட்வே டாக்கீசில் 3 தீபாவளி கண்ட படம். பாகவதர் புகழின் உச்சியில் இருந்தார். அவரைப் பார்க்க ரெயில்வே ஸ்டேஷன்களில் கூட்டம் முண்டியடித்தது.

மறுநாள் மரணம்

நவம்பர் 8-ந் தேதிக்கு வருவோம்.

கத்திக்குத்து பட்ட லட்சுமிகாந்தன் அங்கேயே சாய்ந்துவிடவில்லை. திரும்ப வக்கீல் வீட்டுக்கே போனார். அங்கிருந்து ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழியில் வேப்பேரி போலீஸ் ஸ்டேஷனில் புகார். பேசிக்கொண்டுதான் இருந்தார். பெரிய ஆபத்து இல்லை என்றுதான் கூட இருந்தவர்கள் நினைத்தார்கள். விடிவதற்குள் உயிர் போய்விட்டது. தேதி நவம்பர் 9.

டிசம்பரில் இடி விழுந்தது. பாகவதர் கைது! என்.எஸ்.கிருஷ்ணன் கைது! ஸ்ரீராமுலு நாயுடுவும் கைது! கவர்னருக்குக் கொடுத்த மனுவில் முன்னால் நின்ற அதே 3 பேர். வேறு சிலரும் பிடிபட்டார்கள். கொலைக்குச் சதி செய்ததாகக் குற்றச்சாட்டு. பிடிபட்டவர்களில் ஒருவர் அப்ரூவர் ஆனார்.

சென்னை ஐகோர்ட்டில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரிகள் வைத்து விசாரணை. கோர்ட்டு வளாகத்தில் நிற்க இடம் இல்லை. 1945 மே மாதம் தீர்ப்பு வந்தது. ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை. பாகவதருக்கும் என்.எஸ்.கே.வுக்கும் ஆயுள் தண்டனை. ஐகோர்ட்டில் செய்த அப்பீலும் தள்ளுபடி ஆயிற்று.

விஷயம் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அப்பீலை மறுபடி விசாரிக்கும்படி அங்கிருந்து உத்தரவு வந்தது. மறு விசாரணையில் சாட்சியம் நிற்கவில்லை. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள். நாட்டுக்கே விடுதலை கிடைக்க இன்னும் 4 மாதம் இருந்தது.

போன வருஷம் திரும்பவில்லை

குற்றம் இல்லை என்று சொல்லியாயிற்று. ஜெயிலில் போன 2 ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தை யார் கொடுப்பது? பாகவதருக்காக ஒப்பந்தம் ஆகியிருந்த படங்கள் வேறு ஆட்களிடம் போய்விட்டன. வெளியே வந்து அவர் எடுத்த "ராஜமுக்தி" ஓடவில்லை. பழைய மவுசு வரவே இல்லை. 1959 நவம்பர் 1-ந் தேதி காலமானார்.

கலைவாணர் சமாளித்துக் கொண்டார். "நல்லதம்பி", "மணமகள்" என்று வரிசையாகப் படம் எடுத்தார். அவரும் 1957 ஆகஸ்டு 30-ந் தேதி போய்விட்டார்.

லட்சுமிகாந்தனை நல்லவர் என்று சொல்ல நாம் வரவில்லை. எத்தனையோ குடும்பத்தை அழவைத்த பேனா அது. அதற்காக நடுரோட்டில் வயிற்றில் குத்திக் கொல்வதா? அப்படிச் செய்யச் சொன்னது யார்? ஒரு கோர்ட்டு, இரண்டு அப்பீல், கடல் தாண்டி லண்டன். அத்தனையும் பார்த்த பிறகும் அதற்கு விடை கிடைக்கவில்லை.

ஜூரி விசாரணையே பின்னால் ஒழிந்துவிட்டது. கை ரிக்ஷாவும் கருணாநிதி ஆட்சியில் ஒழிக்கப்பட்டது. ஜெனரல் காலின்ஸ் ரோடு மட்டும் அதே வேப்பேரியில் இருக்கிறது. கொலைகாரனை ஏவியவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை.