முட்டைக்குள் கிடைத்த மருந்து
அலிக் ஐசக்சின் வாழ்க்கை

போளூர்ப் பக்கத்துக் கிராமங்களிலும் ஜவ்வாது மலை ஊர்களிலும் வெள்ளைக்கழிச்சல் என்றால் கோழி வளர்ப்பவர்களுக்குக் குலை நடுங்கும். நேற்று மேய்ந்த கோழி இன்று சுருண்டு கிடக்கும். இரண்டொரு நாளில் கூடே காலியாகிவிடும். இதற்கு மாட்டு டாக்டர்கள் வைத்த பெயர் இராணிக்கெட் நோய். காரணம் ஒரு வைரஸ்.

வைரசை எதிர்க்க உடம்பே ஒரு மருந்தைச் சுரக்கிறது. இதைக் கண்டவர்களில் ஒருவர் டாக்டர் அலிக் ஐசக்ஸ்.

டாக்டர் ஆனார்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1921-ல் பிறந்தார். தந்தை கடைக்காரர். 1944-ல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆனால் மனம் ஆராய்ச்சியையே நாடியது. ஆஸ்திரேலியா சென்று புகழ்பெற்ற விஞ்ஞானி பர்னெட்டிடம் பயின்றார். பிறகு லண்டன் மில்ஹில் ஆராய்ச்சி நிலையத்தில் அமர்ந்தார்.

முட்டையில் சோதனை

ஒரு வைரஸ் புகுந்த இடத்தில் இன்னொன்று எளிதில் வளராது. இது தெரிந்த செய்தி. ஏன் என்பதுதான் புதிர்.

சுவிட்சர்லாந்து இளைஞர் லிண்டன்மனும் அவரும் சேர்ந்தார்கள். கருவுள்ள கோழி முட்டையின் சவ்வை எடுத்தார்கள். சூட்டினால் செயலிழக்கச் செய்த புளு காய்ச்சல் வைரசை அதில் சேர்த்தார்கள். பிறகு அந்த நீரை மட்டும் எடுத்துப் புதிய சவ்வில் விட்டார்கள். என்ன ஆச்சரியம்! உயிருள்ள வைரஸ் அங்கே வளர முடியவில்லை! அந்த நீரிலிருந்த பொருளுக்கு இண்டர்பெரான் என்று பெயரிட்டு, 1957-ல் உலகுக்கு அறிவித்தார்கள்.

புகழும் வேதனையும்

இன்னொரு பென்சிலின் கிடைத்துவிட்டதாகப் பேச்சு எழுந்தது. ஆனால் கிடைத்ததோ துளியளவு. அதைத் தூய்மையாகப் பிரிக்க முடியவில்லை. சக விஞ்ஞானிகளில் சிலர் நம்பவில்லை, கேலியும் செய்தார்கள். ஐசக்சை மனச்சோர்வு வாட்டியது. 1964-ல் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டது. ஆயினும் ஆராய்ச்சியை அவர் விடவில்லை. 1967 ஜனவரி 26-ல் காலமானார். வயது 45 தான்.

விதைத்தவர் காணாத விளைச்சல்

அதே 1967-ல், உடம்பை இண்டர்பெரான் சுரக்கத் தூண்டும் செயற்கைப் பொருளை அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டார்கள். 1986-ல் ஒரு வகை இரத்தப் புற்றுநோய்க்கு இண்டர்பெரான் மருந்தாயிற்று. பின்னர் கல்லீரலைத் தாக்கும் வைரசுகளுக்கும் கொடுத்தார்கள். சோதனைச் சாலைகளில் இண்டர்பெரானைச் சுரக்க வைக்கப் பயன்பட்ட வைரசுகளில் நம் வெள்ளைக்கழிச்சல் வைரசும் ஒன்று!

மனிதனுக்கு இந்த மருந்தைத் தந்தது கோழி முட்டை. கோழிக்கோ இன்றும் தடுப்பூசியே காவல். குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு. எட்டாவது வாரத்தில் ஊசி. நோய் வந்தபின் ஓடிப் பயனில்லை.