மேரி வர்கீஸ் அம்மையார்

குமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் பனையேறிப் பதநீர் இறக்குதல் பல குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த தொழிலாகும். விடியற்காலையில் மரமேறியவர் கால் வழுக்கி வீழ்ந்தால், சில வேளைகளில் உயிர் பிழைப்பார். ஆயின் முதுகெலும்பு முறிந்து, இடுப்பிற்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப் போவார். கிணற்றில் தவறி வீழ்ந்தவருக்கும், சாலையில் ஊர்தி கவிழ்ந்தவருக்கும் இந்நிலை நேர்வதுண்டு. முற்காலத்தில் இத்தகையோர் பாயிற் கிடந்து, படுக்கைப் புண்ணாலும் சிறுநீர் நோயாலும் நலிந்து மாண்டனர். உற்றார் கஞ்சி வார்த்தனர், அயலார் இரங்கினர். அதற்குமேற் செய்யத்தக்கது யாதுமில்லை என்று எல்லாரும் கருதினர். நம் நாட்டில் அக்கருத்தை மாற்றியவருள் முதன்மையானவர் மேரி வர்கீஸ் அம்மையார். அவரும் அதே துன்பத்திற்கு ஆளானவரே.

அம்மையார் 1925-ஆம் ஆண்டில் கொச்சிப் பகுதியில் பிறந்தார். எர்ணாகுளம் மகாராசா கல்லூரியிற் பயின்றபின், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து மருத்துவப் பட்டம் பெற்றார். அக்கல்லூரி, ஐடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்காக 1918-இல் நிறுவிய பள்ளியிலிருந்து வளர்ந்ததாகும். நோயாளர்க்கு உழைத்து வாழ்வதையே மேரி தம் வாழ்வின் நோக்கமாகக் கொண்டிருந்தார்.

1954-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், உடன் பணிபுரிவோருடன் அவர் உலாச் சென்ற வண்டி வழியிற் கவிழ்ந்தது. மேரியின் முகத்திற் பெருங்காயம் உண்டாயிற்று; தண்டுவடமும் சிதைந்தது. அறுவை மருத்துவம் பலமுறை நடந்தும் கால்கள் மீளவில்லை. பிறரைக் குணப்படுத்தக் கற்ற இளம்பெண், புரண்டு படுப்பதற்கும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியவரானார். கால்கள் அற்ற மருத்துவரால் யாது பயன் என்னும் ஐயம் அவரை வாட்டியது.

அந்நாளில் வேலூரில் பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். அவர் கொல்லிமலையிற் பிறந்தவர். தொழுநோயால் நரம்பு கெட்டு விரல்கள் மடங்கிப் போனவர்களுக்கு, வலுவுள்ள தசைநாரை வேறிடத்திற் பொருத்தி, விரல்களை மீண்டும் விரியச் செய்யும் முறையை அவர் கையாண்டு வந்தார். கை அறுவை மருத்துவத்தை அமர்ந்தபடியே செய்யலாம் என்பதை எடுத்துக்காட்டி, மேரியை அப்பணிக்கு அழைத்தார். மேரி தயங்கினார், பின்னர் இசைந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்து கத்தியைக் கையிலெடுத்தார். தம்மைத் தொட அஞ்சும் உலகையே கண்டிருந்த தொழுநோயாளர், நடக்கவியலாத ஒருவர் தம் விரல்களைச் சீர்செய்வதைக் கண்டு வியந்தனர்; தாமும் வாழலாம் என்று நம்பினர்.

விரல் நிமிர்ந்தால் மட்டும் வாழ்வு நிமிர்ந்துவிடாது என்பதைப் பிராண்டு கண்டிருந்தார். குணமடைந்து ஊர் திரும்பியவருக்கு வேலை கொடுப்பார் இல்லை. ஆதலின், தச்சு முதலிய தொழில்களைக் கற்பிக்கும் பொருட்டு 1951-இல் புதுவாழ்வு நிலையம் ஒன்றை அவர் அமைத்திருந்தார். மருத்துவத்தின் முடிவு பிழைப்புக்கு வழிகாண்பதே என்னும் பாடத்தை மேரியும் உணர்ந்தார்.

பின்னர் அம்மையார் ஆசுதிரேலியாவிலுள்ள பெர்த்து நகருக்குச் சென்று, பிறர் துணையின்றி வாழும் பயிற்சியைப் பெற்றார். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், உடை உடுத்துதல், குளித்தல் ஆகிய எளிய செயல்களையெல்லாம் புதிதாகக் கற்றார். தாம் பெற்ற உரிமையைத் தம்மைப் போன்றோர் அனைவரும் பெற வேண்டும் என்று விழைந்தார். நியூயார்க்கு நகரில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, 1960-களின் தொடக்கத்தில் வேலூருக்குத் திரும்பி, அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் நோயாளர் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் அங்குத் திறக்கப்பெற்றது.

அந்நிலையத்தில் நோயாளிக்கு முதலிற் கைவலிமை வளர்க்கப்படும். இரண்டு மணிக்கு ஒருமுறை புரண்டு, புண் வாராமற் காத்துக்கொள்ளக் கற்பிக்கப்படும். சிலர் இரும்புச் சட்டங்களையும் ஊன்றுகோல்களையும் கொண்டு நிற்கப் பழகுவர். பிறகு வீட்டைப் பற்றிய எண்ணம் எழும். வாயிற்படியைச் சரிவாக்க இயலுமா? திண்ணையிலிருந்து நடத்தக்கூடிய தொழில் யாது? இவ்வினாக்களும் அங்கு மருத்துவத்தின் பகுதியாகவே கொள்ளப்பட்டன.

அரசாங்கம் 1972-இல் அம்மையாருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. 1986-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழிற்பயிற்சி அளிக்கும் அறக்கட்டளை ஒன்று அவர் பெயரால் அவ்வாண்டிலேயே வேலூரில் அமைந்தது.

அம்மையார் காலத்தில் அருளாளர் சிலரது முயற்சியாக இருந்த உதவி, இன்று சட்டம் தந்த உரிமையாகியுள்ளது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடையோர்க்குக் கல்வியிலும் அரசுப் பணியிலும் இடஒதுக்கீடு உண்டு. மருத்துவச் சான்று பெற்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை நாடினால் அடையாள அட்டை கிடைக்கும். உரிய தகுதி உடையோர் அதனைக் கொண்டு பராமரிப்புத் தொகை, சக்கர நாற்காலி, மாணவர் உதவித்தொகை, தொழிற்கடன் முதலியவற்றுக்கு விண்ணப்பிக்கலாம்.

ஆயினும், பாயிற் கிடப்பவர் தாமே அலுவலகப் படியேறிச் செல்லுதல் அரிது. விண்ணப்பம் எழுதவும், சான்று பெற அழைத்துச் செல்லவும், மீண்டும் மீண்டும் சென்று வினவவும் ஒரு துணை வேண்டும். எழுதப் படிக்கக் கற்ற ஒவ்வொருவரும் தம் தெருவில் அத்தகைய துணையாக நிற்கலாம். கால்களை இழந்த பின்னரும் ஓராயிரம் பேரை எழுப்பிய அம்மையாருக்கு நாம் செய்யத்தக்க நன்றி அதுவே.